மூன்றாவது பெஞ்சின் மஞ்சள் கொடி

“அதைத் தொடாதீங்க.”

குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். கையில் ரப்பர் உறை, பிளாஸ்டிக் பை. எதிரே, பூங்காவின் மூன்றாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் நாய் இருந்துவிட்டுப் போன அசிங்கம். அதை ஒட்டி, தேதி எழுதிய சின்ன மஞ்சள் கொடி.

நிமிர்ந்தாள். புதிதாக வந்திருக்கும் பூங்கா மேற்பார்வையாளன். கோபமாகப் பார்க்க முயன்று தோற்றுக்கொண்டிருந்த கண்கள்...

“சுத்தம் பண்றது தப்பா?”

“நான் கொடி நட்டு வச்சதை நீங்க எடுத்துட்டா யார் நாய்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? குடியிருப்போர் சங்கத் தலைவர் தினமும் புகார் குடுக்கிறார்.”

“கண்டுபிடிச்சு?”

“பேரை வாசல் பலகையில எழுதணும். அவர் உத்தரவு.”

அந்தத் தலைவர் அவளுடைய அப்பா. அந்த நாய் அவர்கள் வீட்டுத் தடியன்.

முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அப்பாவுக்குக் குனிய முடிவதில்லை. அதைச் சொல்ல வாய் வருவதுமில்லை. விடியும்போதே தடியனோடு வந்து, யாரும் பார்க்காமல் திரும்பிவிடுவார். மற்றவர்கள் நாய்கள் செய்த அசிங்கத்துக்காக எப்போதோ போட்ட சத்தத்தை, நிறுத்தினால் சந்தேகம் வருமென்று இன்னும் போட்டுக்கொண்டிருந்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் அரைமணி கழித்து வந்து வாரிப்போடுவாள். வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

மறுநாளும் அவன் நின்றிருந்தான். அதற்கு மறுநாளும்.

“இன்னைக்கும் கொடிக்கு முந்திட்டீங்களா, மருந்துக்கடை?”

“உங்க கொடிக்குத் தூக்கம் ஜாஸ்தி.”

அவன் சிரித்தால் அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அந்தப் பலகை கண்முன் வந்து நின்றது. அப்பாவின் பெயர், சுண்ணாம்புக் கட்டியில், இவன் கையெழுத்தில்...

பத்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. கருவிகள் வைக்கும் கொட்டகையின் தகரத்துக்கடியில் இருவரும் ஒதுங்கினார்கள். அவன் புருவத்தில் ஒரு துளி விழாமல் தொங்கியது.

“வெள்ளிக்கிழமை கேமரா மாட்டறாங்க” என்றான். “மூணாவது பெஞ்சைப் பாத்து.”

தகரத்தில் மழை அடித்தது. இதற்குமேல் அவளால் முடியவில்லை.

“அது எங்க நாய். தலைவர்... எங்கப்பா.”

அவன் திரும்பவில்லை.

“தெரியும். பூங்கா பூரா கிடக்குது. நீங்க அந்த ஒரு பெஞ்சுக்கு மட்டும்தான் வர்றீங்க. நேத்து சங்கக் கூட்டத்துக்கு அவரைக் கைபிடிச்சு கூட்டிட்டு வந்தீங்க. மேஜையில கையை ஊனித்தான் எந்திரிச்சார்.”

“பேரை எழுதிட்டீங்களா?”

அவன் கொட்டகைக்குள் போனான். இடுப்பு உயரக் கைப்பிடி வைத்த அள்ளுகருவியோடு வந்தான். “குனிய வேண்டாம். நின்னுகிட்டே அள்ளலாம்.”

“அவர் தொடமாட்டார். கௌரவம் ரொம்ப.”

“வாசல்ல வச்சுப் பாருங்க.”

வைத்தாள். அப்பா அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பேப்பரை விரித்துக்கொண்டார். அன்று இரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. காலையில் வாசலில் கருவி இல்லை. தடியன் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். அப்பா அதை ஊன்றுகோல் மாதிரிப் பிடித்து, எல்லோரும் பார்க்கத் தெருவின் நடுவே வந்துகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கேமரா வந்தது. அதற்குப் படம்பிடிக்க எதுவும் இல்லை. அவளுக்கும் பூங்காவுக்குப் போகக் காரணம் இல்லை. நிம்மதி வரவேண்டிய இடத்தில் வேறொரு பதைப்பு வந்து உட்கார்ந்தது. அவன் தன்னை நினைக்கவே இல்லையோ...

ஐந்தாம் நாள் கடைக்குப் போகும் வழியில், வேலிக்கு அந்தப் பக்கம், மூன்றாவது பெஞ்சருகே மஞ்சள் கொடி.

ஓடினாள். அப்பா மறுபடியுமா? புல்லை விலக்கித் தேடினாள். பெஞ்சுக்கடியில் தேடினாள். ஒன்றுமில்லை.

“என்ன தேடறீங்க?” தண்ணீர்க் குழாயோடு அவன் நின்றிருந்தான்.

“இங்க ஒண்ணுமே இல்லையே.”

“இல்ல.”

“அப்புறம் கொடி எதுக்கு?”

குழாயிலிருந்து தண்ணீர் அவன் செருப்பிலேயே விழுந்துகொண்டிருந்தது. “கொடி நட்டா நீங்க வருவீங்க. நாலு நாளா... வேற வழி தெரியல.”

அவள் கொடியைப் பிடுங்கினாள். மண்ணைத் தட்டி அவன் சட்டைப் பையில் செருகினாள்.

“இதை உள்ள வச்சுக்கங்க. கொடி இல்லாமலே வருவேன்.”