படத்தில் இருந்த பெட்டரிகள்

ஜூன் மாதம், வியாழக்கிழமை, காலை 10.20. டிக்கோயாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டம். ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த வேலாயியைக் குளவிகள் மொய்த்துக் கொட்டின. கூட நின்ற பெண்கள் அம்புலன்சை அழைக்கப் போனை எடுத்தார்கள். சிக்னல் இல்லை. அவளைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தபோது மணி 11.35. மூச்சு நின்றிருந்தது.

அந்த மலையடியில்தான் அரசாங்க மானியத்தில் கட்டிய இணையக் கோபுரம் நிற்கிறது. அன்று விடியற்காலையிலேயே கரண்டு போயிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் கோபுரத்தை ஓட்ட வேண்டிய பெட்டரிகள் அறையில் இல்லை. பூட்டு உடைபடவில்லை. சாவி இரண்டே பேரிடம் இருந்தது: கம்பெனியின் டெக்னீஷியன் நிரஞ்சன், காவல்காரர் அழகுமுத்து. செவ்வாய்க்கிழமை திகதியிட்டு நிரஞ்சன் மாதாந்த மானியக் கணக்குக்காக அனுப்பிய படத்தில் பெட்டரிகள் இருந்தன. அதன்பின் அவன் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. அடக்கம் முடிந்த கையோடு பொலிஸார் அழகுமுத்துவைக் கூட்டிப்போனார்கள். வேலாயி அவருடைய மனைவி.

திங்கட்கிழமை, காலை 9.10. இணைய மானியத்தைச் சீர்திருத்த அமைத்த குழுவின் விசாரணை அதிகாரி றோசலின், பொலிஸ் நிலையத்தில் அழகுமுத்துவின் முன் உட்கார்ந்தார். றோசலினும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவர்.

"அண்ணே, முன்னாடி கரண்டு போனப்ப சிக்னல் இருந்துச்சா?"

"கொஞ்ச மாசமாவே இல்லீங்க மிஸ். எங்க தோட்டத்துக்கு இவ்வளவுதான்னு நெனச்சிக்கிட்டோம். நான் வெளியிலதான் காவல், அறையத் தொறந்து பாத்ததில்ல."

"ஏழாம் நம்பர் மலையில செடிய மொட்டையாக்கி எப்ப கவ்வாத்து வெட்டுனாங்க?"

அழகுமுத்து நிமிர்ந்து பார்த்தார். "பொங்கல் முடிஞ்சதும் மிஸ். போன மாசம்தான் மறுபடி கொழுந்து எடுக்க ஆரம்பிச்சாங்க."

பிற்பகல் 2.15. கோபுரத்தடியில் பொலிஸாரும் நிரஞ்சனும் நின்றார்கள். றோசலின் அந்தச் செவ்வாய்க்கிழமைப் படத்தை நீட்டினார்.

"எல்லாரும் பெட்டரியத்தான் பாத்தாங்க. கதவுக்கு வெளிய தெரியுற மலையப் பாருங்க."

படத்தில் மலை முழுக்க இலையில்லாத வெட்டுக்குச்சிகள். எதிரே அதே மலையில் இடுப்பளவு தேயிலை பச்சைப்பசேலென்று நின்றது.

"செவ்வாய்க்கிழமை மொட்டையா நின்ன மலையில வியாழக்கிழமை வேலாயி எதைப் பறிச்சாங்க, நிரஞ்சன்?"

நிரஞ்சன் மலையைத் திரும்பிப் பார்த்தான். "ஜனவரியில எடுத்த படங்க. அன்னைக்கே அஞ்சாறு எடுத்து வச்சிட்டு, மாசாமாசம் திகதிய மாத்தி அனுப்புனேன். பெட்டரிய நான்தான் கழட்டுனேன். வேற கோபுரத்துல காட்டி மானியம் எடுக்கணும்னு கம்பெனியில சொன்னாங்க. படம் இருந்தாப் போதும், யாரும் வந்து பாக்க மாட்டாங்கன்னாங்க."

அவன் சொன்னது உண்மைதான் என்பது றோசலினுக்குத் தெரியும். படம் அனுப்பினால் மானியம் என்றுதான் இத்தனை வருடமாக விதி இருந்தது.

மாலை 5.40. விடுவிக்கப்பட்ட அழகுமுத்துவிடம் றோசலின் தன் அறிக்கையை வாசித்துக் காட்டினார்: கரண்டு இல்லாத நேரத்திலும் இணைப்பு வேலை செய்கிறதென்று லயத்து மக்கள் உறுதிப்படுத்தினால் மட்டுமே மானியம்.

"எங்க தோட்டத்துக்கு மட்டுமா மிஸ்?"

"எல்லாத் தோட்டத்துக்கும்னு எழுதியிருக்கேன் அண்ணே. ஏத்துக்கிறது கொழும்புக்காரங்க கையில."

அழகுமுத்து அந்தத் தாளைத் தடவிப் பார்த்தார். பிறகு, "வேலாயி பேரையும் அதுல எழுதுங்க" என்றார்.

றோசலின் பேனாவைத் திறந்தார்.