வெடிக்கத் தெரியாத குண்டு

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பெரட்டு மணி ஒரே ஓர் அடிதான் அடித்தது. அந்த அடியோடு மாரிசாமியின் உயிரும் போயிற்று.

பசறைக்கு மேலே பனிமூட்டத்துக்குள் கிடந்த அந்தத் தோட்டத்துக்கு சப் இன்ஸ்பெக்டர் றுஸைனா ஏழரைக்கு வந்து சேர்ந்தாள். ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் உடலைச் சாக்கால் மூடியிருந்தார்கள். மேலே கொக்கியில் வெடித்துக் கிழிந்த பித்தளை கொஞ்சம் தொங்கியது. அதுதான் மணி. பழைய உலக யுத்தகாலத்தில் சின்ன டாங்கி ஒன்றின் பீரங்கி சுட்டுத் தள்ளிய வெறும் கூடு. அதை வாய் கீழே பார்க்கத் தொங்கவிட்டு, அதே பீரங்கியின் குண்டு முனையால் அடிப்பது மாரிசாமியின் தகப்பன் காலத்திலிருந்தே வழக்கம்.

கணக்கப்பிள்ளை தம்பையா பதிலோடு தயாராக நின்றார்.

"குண்டுல மருந்து மிச்சம் இருந்திருக்கு மிஸ். கம்பியால அடின்னு தொரை எத்தனையோ தரம் சொன்னாரு. மாரிசாமி கேக்கல. அவன் கவனக்குறைவு, அவ்வளவுதான்."

மாரிசாமியின் மனைவி கலாராணி அழவில்லை. றுஸைனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலம் பூரா அடிச்ச மனுசன் மிஸ். புத்தி கெட்டுச் செத்தான்னு இப்பவே பேசுறாங்க. அவரு மேல தப்பு இல்லன்னு மட்டும் எழுதுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவர்களுடைய ஒரே மகன் மதுரன் அப்போதுதான் பசறை பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்து தகப்பன் காலில் விழுந்தான்.

"இன்னைக்குப் போயாவாச்சேப்பா! பௌர்ணமி லீவு நாளாச்சே! இன்னைக்கு ஏன்ப்பா அடிச்சீங்க?"

நின்றவர்கள் எல்லாருக்கும் கண் கலங்கியது. றுஸைனாவுக்கும்தான்.

கான்ஸ்டபிள் காமில் தேயிலைச் செடிக்குள் குண்டு முனையைக் கண்டுபிடித்தான். கண்டதும் அலறிக்கொண்டு ஓடினான், கூட்டமும் ஓடியது. முனை முழுசாக இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. றுஸைனா அதைப் படம் பிடித்து, பண்டாரவளையில் இருக்கும் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் நஸீருக்கு அனுப்பினாள். உடனே அழைப்பு வந்தது.

"இது ரெண்டு இறாத்தல் பீரங்கிட குண்டு. ஐந்நூறு யார் தூரத்துல ரெண்டு அங்குல இரும்புத் தகட்டையும் துளைச்சிட்டுப் போகும். ஆனா வெடிக்காது. உள்ளுக்கு மருந்தே இல்ல, முழுக்க உருக்கு. ஆள்கூட்டத்துல விழுந்தா ஒரு குழிதான். அந்தப் பீரங்கிட பெரிய குறையே அதுதான்."

"கூட்டுல மருந்து மிச்சம் இருக்குமா சேர்?"

"சுட்ட கூடுதானே? வெறும் பித்தளை."

அப்படியானால் வெடித்தது என்ன? றுஸைனா குந்தி உட்கார்ந்து பார்த்தாள். பித்தளை உள்ளிருந்து வெளிப்பக்கமாக விரிந்து கிழிந்திருந்தது. தரையில் கருகிய சாக்குத் துணி, கருத்த பொடிக்கற்கள். கூடவே கருவாட்டு வாடை. பெரட்டுக் களத்தில் கருவாடு எதற்கு?

மருந்தையும் கல்லையும் உருட்டிக் கட்டி, மேலே கருவாடு பூசி, காட்டுப்பன்றி வரும் வழியில் போடும் பன்றி வெடி; கடித்தாலோ அடிபட்டாலோ வெடிக்கும். சனிக்கிழமை மாலை அதைத் தேடி தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை எல்லாம் கவிழ்த்துப் போட்டவர்கள் அவளுடைய ஆட்கள்தான். ஒன்றும் அகப்படவில்லை.

பத்து மணிக்குத் தம்பையாவையும் மதுரனையும் மட்டும் பெரட்டுக் கொட்டகைக்குள் அழைத்தாள்.

"போயா அன்னைக்கு ஏன் பெரட்டு?"

"கொழுந்து முத்திப்போகுது மிஸ்," என்றார் தம்பையா. "வேலை இருக்குன்னு நேத்துப் பின்னேரம் லயம் லயமாச் சொன்னோம். தோட்டத்துல தெரியாத ஆளே இல்ல."

"மதுரன், நீங்க எப்ப பசறைக்குப் போனீங்க?"

"நேத்துக் காலைல. கூட்டாளி வீட்டுக்கு."

"வீட்டிலேருந்து போன் வரல்லையா?"

"சார்ஜ் இல்ல மிஸ்."

றுஸைனா மெல்லச் சொன்னாள்.

"எல்லாரும் மணி எப்படி வெடிச்சதுன்னு கேட்டாங்க. நீங்க மட்டும்தான் இன்னைக்கு ஏன் அடிச்சாருன்னு கேட்டீங்க. சனிக்கிழமை நாங்க வந்ததும் வெடியை மணிக்குள்ள திணிச்சு, சாக்கால அடைச்சிட்டீங்க. ஞாயிறு பெரட்டு இல்ல, திங்கள் போயா. ரெண்டு நாள் யாரும் தொடமாட்டாங்கன்னு கணக்குப் போட்டீங்க."

மதுரன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான்.

"பன்னி கெழங்கு பூரா தோண்டிப் போட்டிருச்சு மிஸ். வேற என்ன செய்ய? எடுத்துறலாம்னுதான் மொத பஸ்ல வந்தேன்... மொத பஸ்லதான் மிஸ் வந்தேன்..."

தம்பையா தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். ஒரு நல்ல மனிதனின் பேர் மீண்டது. அதனால் யாருக்கும் ஒரு சுகமும் இல்லை. சனிக்கிழமை சோதனைக்கு வராமலே இருந்திருக்கலாம் என்று றுஸைனாவுக்குப் பட்டது. அதை யாரிடம் சொல்வது?

காமில் மதுரனைப் பின்வழியாகக் கூட்டிப்போய் ஜீப்பில் ஏற்றினான். றுஸைனா ஏறப் போகும்போது கலாராணி பனிக்குள்ளிருந்து ஓடிவந்தாள்.

"அவரு மேல தப்பு இல்லன்னு எழுதிட்டீங்களா மிஸ்?"

"எழுதிட்டேன் அக்கா."

கலாராணி கையெடுத்துக் கும்பிட்டாள். அன்று முதல் முறையாக அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப யாரு மேலன்னு எழுதுனீங்க?"