டாக்டர் வந்துட்டாரா?

மதியம் இரண்டு மணிக்கு அந்த அரசு மருத்துவமனை கொஞ்சம் மூச்சு விடும். பார்வையாளர்களை வெளியே அனுப்பிவிட்டு வாசல் காவலாளி நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருப்பார். வெளியே பல்லைக் காட்டும் வெயில். பேய் பிசாசுக்கு ஏற்ற நேரமே இல்லை. அந்த நேரத்தில்தான் மனசு மேடம் பெண்கள் வார்டுக்குள் நுழைந்தாள்.

அங்கே இருக்கும் ஒரே உளவியலாளர் அவள்தான். கதவில் எழுதியிருந்த பதவிப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. துப்புரவுப் பணியாளர் ஒருவர் 'மனசு மேடம்' என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை. "அங்கயாவது வாயை அடக்கிட்டு இருடி" என்று அவள் அம்மா தினமும் ஓதித்தான் அனுப்புவாள். எந்தக் காதில் ஏறியது!

கையில் ஒரு படிவம். நான்கு மணிக்குள் அதை நிரப்பிப் பெரிய டாக்டரின் மேசையில் வைத்தாக வேண்டும். அவர்தான் மருத்துவமனைக் கண்காணிப்பாளர். காலையில் அவளைக் கூப்பிட்டுத் தேன் தடவிய குரலில் சொல்லியிருந்தார்.

"அந்த சிஸ்டருக்கு ஏழாம் பெட்ல குரல் கேக்குதாம்மா. பாவம், வேலை பாக்குற நிலையில இல்ல. மாயக்குரல்னு ஒரு டிக் போட்டுக் குடுங்க. வீட்டுக்கு அனுப்பிடலாம்."

அந்தப் 'பாவம்' என்ற சொல்லிலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விஷயம் மருத்துவமனைக்கே தெரியும். மூன்று வாரத்துக்கு முன் ஏழாம் படுக்கையில் ஒரு பெண் மூச்சுத் திணறியே இறந்துபோனாள். அன்று பணியில் இருக்க வேண்டியவர் பெரிய டாக்டரின் மருமகன். சிஸ்டர் போன் மேல் போன் போட்டும் அவர் வந்து எட்டிப் பார்க்கவில்லை. கூப்பிட்ட நேரங்களை ஒன்று விடாமல் வார்டு பதிவேட்டில் எழுதிவிட்டார் சிஸ்டர். விசாரணைக் குழுவுக்கு இருக்கும் ஒரே சாட்சி பதிவேட்டின் அந்த ஒரு பக்கம்தான். எழுதியவருக்கே புத்தி சரியில்லை என்றாகிவிட்டால் எழுத்துக்கு ஏது மதிப்பு? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார்கள்; அதற்குக் கரண்டி பிடிக்கத்தான் இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

சிஸ்டருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். வார்டில் காலியாக இருந்த ஒரே படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, சுருக்கமே இல்லாத விரிப்பைத் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தார்.

"என்ன கேக்குது சிஸ்டர்?"

"'டாக்டர் வந்துட்டாரா'ன்னு கேக்குது மேடம். அன்னைக்குக் கேட்ட மாதிரியே."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"வந்துடுவார்ம்மான்னுதான். அன்னைக்கும் அதைச் சொல்லித்தானே அவளை ஏமாத்தினேன்." சிஸ்டர் மறுபடி விரிப்பை நீவினார்.

மனசு மேடத்திடம் ஒரு வழி இருந்தது. புத்தகம் சொல்லித் தந்ததல்ல, அவளே பழகிக் கண்டுகொண்டது. தலைக்குள்ளிருந்து பேசும் குரலுக்குக் காது தேவையில்லை. இரண்டு காதையும் இறுக்கி அடைத்தாலும் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்.

"காதை அடைச்சா கேக்குதா?"

"அடைச்சா கேக்கல மேடம்."

பேனா நின்றுவிட்டது. இந்தப் பதிலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

"நீங்க போய் சாப்பிடுங்க. நான் இங்க கொஞ்ச நேரம் உக்காந்து பாக்குறேன்."

ஏழாம் படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்தாள். மற்ற நோயாளிகள் மருந்து மயக்கத்தில் தூங்கினார்கள். பினாயில் வாசனை. மேலே மின்விசிறி தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. கொட்டாவிகூட வந்தது. பிறகு பினாயில் வாசனை மெல்ல விலகி, பழைய ஆக்சிஜன் மாஸ்கின் ரப்பர் நாற்றம் வந்தது. மின்விசிறி சுழன்றது, சத்தம் மட்டும் இல்லை.

தலையணைப் பக்கத்திலிருந்து மூச்சு கேட்டது.

இழுத்து, நின்று, மறுபடி இழுக்கும் மூச்சு.

"டாக்டர் வந்துட்டாரா?"

கோபமே இல்லாத குரல். தொந்தரவு கொடுக்கிறோமே என்று கூசிக்கூசிக் கேட்கும் ஏழையின் குரல். அதுதான் அவளை அதிகமாக நடுங்க வைத்தது. விரல்களைக் காதில் திணித்தாள்.

அமைதி.

எடுத்தாள். "டாக்டர் வந்துட்டாரா?"

மறுபடி அடைத்தாள். அமைதி.

அப்போது சில்லென்ற ஒரு கை அவள் விரலைப் பிடித்து, வலிக்காமல், காதிலிருந்து எடுத்தது.

"டாக்டர் வந்துட்டாரா?"

ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் அந்தப் பயத்தின் அடியிலிருந்து ஆத்திரம் குபுகுபுவென்று கிளம்பியது. செத்த பிறகும் ஒருத்தி காத்துக் கிடக்கிறாள். பதில் சொல்ல வேண்டியவர்கள் படிவத்தில் டிக் கேட்கிறார்கள்.

"இன்னும் வரலம்மா," என்றாள். "வரலைன்னுதான் நானும் எழுதப் போறேன்."

கட்டில் கிரீச்சிட எழுந்தாள். அவள் எழுந்து நின்ற பிறகு கட்டில் இன்னொரு முறை கிரீச்சிட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பெரிய டாக்டர் அவள் அறிக்கையை வாசித்தார். 'குரல் வெளியிலிருந்து வருகிறது. காதை அடைத்தால் நிற்கிறது. சோதித்தவருக்கும் கேட்டது. செவிலியர் தெளிந்த மனநிலையில் இருக்கிறார். அவர் எழுதியதை நம்பலாம்.'

"பேய்க்கு சர்டிபிகேட் குடுக்கறீங்களாம்மா? முதல்ல உங்களுக்கு டெஸ்ட் எடுக்கணும் போலிருக்கே."

"எடுங்க சார். ஏழாம் பெட்ல வச்சே எடுங்க. நீங்களும் வாங்க."

குரலில் தேன் வற்றிவிட்டது. "இன்னும் பர்மனென்ட் ஆகல நீங்க. ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் வச்சிக்கிட்டுதான் சார் எழுதினேன்."

அவர் தாளைக் கிழித்தார். அவசரமில்லாமல் நான்காகக் கிழித்தார்.

"கிழிங்க சார். தபால் பிரிவுல பதிஞ்சு நம்பர் போட்டாச்சு. ஒரு காப்பியும் பதிவேட்டுப் பக்கமும் விசாரணைக் குழுவுக்குப் போயாச்சு. இனிமே சிஸ்டரை நீங்க அசைக்க முடியாது."

அவர் மேசையில் இருந்த போனை எடுக்கக் கை நீட்டினார்.

ஏசியின் உறுமல் அடங்கிப்போயிருந்தது. அறை முழுக்க ரப்பர் நாற்றம்.

"டாக்டர் வந்துட்டாரா?"

பெரிய டாக்டரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "யா... யாரும்மா அது?"

அவளுக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் இந்த மனிதருக்கு முன்னால் நடுங்கக் கூடாது என்ற வீம்பு பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. பக்கத்தில் இருந்த காலி நாற்காலியை மேசைக்கு நேராக இழுத்துப் போட்டாள்.

"வந்துட்டார்ம்மா. இதோ, எதிர்லயே இருக்கார். எல்லாத்தையும் பொறுமையா சொல்லுங்க."

நாற்காலியின் மெத்தை மெல்ல அமுங்கியது.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். பியூன் ஸ்டூலில் உட்கார்ந்து தபால்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள ஒரு பேஷன்ட் இருக்காங்க. முடிய நேரமாகும். யாரையும் விடாதீங்க அண்ணே."

"தெரியும் மேடம்," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே. "உங்க பின்னாடியே மூச்சு வாங்கிக்கிட்டு வந்தாங்களே, அந்த அம்மாதானே? டாக்டர் வந்துட்டாரான்னு கேட்டாங்க. பாக்கவே பாவமா இருந்துச்சு. உள்ளதான் இருக்கார், போங்கம்மான்னு நான்தான் அனுப்பி வச்சேன்."