பதினேழாவது வரி

"அப்பா, குப்பை போடப் போறன்!"

இரண்டு கைகளிலும் இரண்டு குப்பைப் பைகளோடு ஆதிரை கதவைத் திறந்தாள். அவ்வளவுதான். குளியலறைக்குள்ளிருந்து, முகமெல்லாம் சவர்க்கார நுரையோடு, அப்பாவின் தலை எட்டிப் பார்த்தது.

"என்ன சொன்னனீ?"

"குப்பை போடப் போறன்."

"போறன் எண்டு சொல்லாத எண்டு எத்தினை தரம் சொல்லியிருக்கிறன்? போட்டு வாறன் எண்டு சொல்லு."

"குப்பையைப் போட்டுட்டு வரத்தானே அப்பா போறன்! தொட்டிக்குள்ளயோ இருக்கப் போறன்?"

சமையலறையில் அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியாமல் இருமினார்.

ஆதிரையின் அப்பா அரியரத்தினம் ஹம்பேர்க் நகரத்தில் எஸ்-பான் ரயில் ஓட்டுகிறவர். பொறுமைசாலி. பயணிகள் கத்தினாலும் பொறுப்பார், பனி கொட்டினாலும் பொறுப்பார். ஆனால் வீட்டை விட்டு வெளிக்கிடும் ஒருவர் 'போறன்' என்று மொட்டையாகச் சொன்னால் மட்டும் பொறுக்கமாட்டார். 'போய்விட்டு வருகிறேன்' என்பதைத்தான் யாழ்ப்பாணத்துக்காரர் 'போட்டு வாறன்' என்பார்கள். வெளிக்கிடும்போது அதைச் சொல்ல வேண்டும். திரும்பியதும் வாசலில் நின்று 'வந்திட்டன்' என்று சொல்ல வேண்டும். இரண்டையும் காதால் கேட்டால்தான் அப்பாவுக்கு நிம்மதி.

"போட்டு வாறன்!" என்று நான்கு மாடிக்கும் கேட்கக் கத்தினாள் ஆதிரை. மூன்று நிமிடத்தில் அதே சத்தத்தில் "வந்திட்டன்!" என்றாள். அவளுடைய குரலுக்கு ஒலிவாங்கி தேவையில்லை என்பது பாடசாலையிலும் எல்லாருக்கும் தெரியும்.

பாடசாலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆதிரை படிப்பது ஒரு யூதப் பாடசாலையில், நாலாம் வகுப்பு. "நீங்கள் சைவக்காரர், பிள்ளையை அங்கயோ விட்டிருக்கிறியள்?" என்று யாராவது கேட்டால் அம்மா ரஞ்சினி ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுவார்.

"வீட்டிலயிருந்து அஞ்சு நிமிச நடை. வகுப்பில பதினேழே பதினேழு பிள்ளையள். எல்லாச் சமயப் பிள்ளையளையும் சேர்க்கினம். வேற என்ன வேணும்?"

அந்தப் பாடசாலையில் ஒரு நூலைப் படித்து முடிப்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. முடித்தோம், மூடினோம், பையில் போட்டோம் என்று ஓட முடியாது. அதற்கு விழா எடுக்க வேண்டும். அந்த விழாவுக்கு 'சியூம்' என்று பெயர். ஆதிரையின் வகுப்பு அந்த வருடம் முழுக்க ஒரு சின்னப் பழைய எபிரேய நூலைப் படித்தது. பாண், அதாவது ரொட்டி, சாப்பிடுமுன் என்ன சொல்லி நன்றி சொல்வது, பழத்துக்கு என்ன சொல்வது, இடி இடித்தால் என்ன சொல்வது என்றெல்லாம் அதில் இருந்தது. கடைசிப் பதினேழு வரிகளை மட்டும் ஆண்டு இறுதி விழாவுக்கு மிச்சம் வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு வரி.

பெயர் வரிசைப்படி வரிகளைப் பிரித்தார்கள். ஜேர்மன் எழுத்துகளில் ஆதிரையின் எழுத்து முதலாவது, ஸோயாவின் எழுத்துக் கடைசி. ஆகவே ஆதிரைக்கு முதலாவது வரி, ஸோயாவுக்குப் பதினேழாவது வரி.

வரிசையில் நின்றால் இரண்டு பேருக்கும் நடுவில் பதினைந்து பேர். வரிசை கலைந்தால் நடுவில் காற்றுக்கூட நுழையாது. அப்படிப்பட்ட சிநேகிதிகள். அவர்கள் பேசுவது ஜேர்மன் மொழியில்தான். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"பதினேழாவது வரியை வாசித்ததும் எல்லாரும் எழுந்து நின்று 'ஹத்ரான்' சொல்ல வேண்டும்," என்றார் வகுப்பாசிரியை ரோஸன்தால். "இது எபிரேயம் இல்லை, பிள்ளைகளே. எபிரேயத்துக்குப் பக்கத்து வீட்டு மொழி, அரமேயம். இதை நாங்கள் நூலைப் பார்த்துச் சொல்கிறோம்."

"புத்தகத்தோடு பேசுவதா?" என்றான் நோவா. வகுப்பே சிரித்தது.

"ஏன், பேசக்கூடாதா? 'உன்னிடம் திரும்பி வருவோம்' என்று அதற்குச் சொல்கிறோம்."

ரோஸன்தால் இன்னும் ஏதோ சொல்ல வாய் திறந்தார். அதற்குள் நோவா, விழாவுக்குச் சொக்லேட் ஐஸ்கிரீமா எலுமிச்சை ஐஸ்கிரீமா என்று ஒரு கேள்வியைப் போட்டான். பிறகு யார் கேட்டார்கள் ஹத்ரானை? வகுப்பு இரண்டாகப் பிரிந்து மணி அடிக்கும் வரைக்கும் சண்டை பிடித்தது.

விழாவுக்கு முதல் நாள் ஒத்திகை. ஆதிரை தொடங்கினாள், மற்றவர்கள் தொடர்ந்தார்கள், பதினாறு வரிகளும் ஓடிப் போயின. பதினேழாவது வரி வரவில்லை.

"ஸோயா, உன் முறை," என்றார் ரோஸன்தால்.

ஸோயா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். "நான் வாசிக்கமாட்டேன்."

"தொண்டை வலிக்கிறதா?"

"இல்லை. வாசிக்கமாட்டேன்."

"நான் இரண்டு வரி வாசிக்கிறேன்!" என்று நோவா கையை உயர்த்தினான்.

"அது ஸோயாவின் வரி. அதை யாரும் எடுக்க முடியாது," என்றார் ரோஸன்தால். பிறகு மெல்லச் சொன்னார்: "ஆனால் ஒரு வரி மிச்சம் இருந்தாலும் நூல் முடியாது, ஸோயா. நூல் முடியாவிட்டால் சியூம் இல்லை."

ஸோயா யன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று முழுக்க ஆதிரை கேட்டுப் பார்த்தாள். ஸோயா வாயே திறக்கவில்லை. ஆதிரைக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. விழா முடிந்த மறுநாள் ஸோயாவின் குடும்பம் கொலோன் நகரத்துக்குக் குடிபோகிறது. அங்கே அவளுடைய அப்பாவுக்கு வேலை கிடைத்திருந்தது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு நாள், அதிலும் இவள் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறாளே!

விழா நாள் வந்தது. மண்டபம் நிறைய அம்மா அப்பாக்கள். ரஞ்சினிக்கு உழுந்து வடை சுட்டுக்கொண்டு வரத்தான் ஆசை. ஆனால் அந்தப் பாடசாலைச் சமையலறைக்குச் சமய முறைப்படி தனிச் சட்டங்கள் உண்டு. வீட்டில் சமைத்தது வாசலைத் தாண்டாது, வெட்டாத பழம் தாண்டும். அதனால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் வாங்கிய ஒரு பெட்டி மாம்பழம் மேசையில் இருந்து மணத்தது. நோவா அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. பதினேழாவது கதிரை காலியாக இருந்தது.

ஆதிரைக்கு ஸோயா ஒளிக்கும் இடம் தெரியும். ஹம்பேர்க்கில் ஆடி மாதத்திலும் மழைச்சட்டை இல்லாமல் யாரும் வெளிக்கிடமாட்டார்கள். அந்த மழைச்சட்டைகள் தொங்கும் அறையில், ஒரு மஞ்சள் சட்டைக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன.

"கால் தெரிகிறது," என்றாள் ஆதிரை.

கால்கள் உள்ளே இழுபட்டன. ஆதிரையும் சட்டைகளுக்குள் புகுந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லு. ஏன் வாசிக்கமாட்டாய்?"

"நான் வாசித்தால் முடிந்துவிடும்," என்றாள் ஸோயா.

"என்ன முடிந்துவிடும்?"

"புத்தகம். வகுப்பு. எல்லாம். நான் வாசிக்காவிட்டால் ஒன்றும் முடியாது."

இன்னொரு நாளாக இருந்தால் ஆதிரை சிரித்திருப்பாள். ஸோயாவின் மூக்கு சிவந்திருந்ததைப் பார்த்ததால் சிரிக்கவில்லை.

"நாங்கள் ஒடெசாவில் இருந்தபோது," என்றாள் ஸோயா, "ஒரு புதன்கிழமை பாலர் வகுப்பு முடிந்து, ரீச்சரிடம் 'நாளைக்குப் பார்ப்போம்' என்று சொல்லிவிட்டு வந்தேன். வியாழக்கிழமை நாட்டில் போர் தொடங்கிவிட்டது. நாங்கள் காரில் ஏறிவிட்டோம். என் சிவப்புச் சப்பாத்து அங்கேயே இருக்கிறது. நான் திரும்பிப் போகவே இல்லை."

ஆதிரை ஸோயாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மண்டபத்தில் பிள்ளைகள் கடைசித் தரம் பழகிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "ஹத்ரான்... ஹத்ரான்..."

ஆதிரை திடீரென்று நிமிர்ந்தாள். ஒரு மழைச்சட்டை அவள் தலையில் விழுந்தது.

"அட! இது அப்பாவின் சொல்லல்லவா!"

"உன் அப்பாவுக்கு அரமேயம் தெரியுமா?"

"அப்பாவுக்கு ரயில் ஓட்டத்தான் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் 'போகிறேன்' என்று சொல்லவே கூடாது. 'போட்டு வாறன்' என்றுதான் சொல்ல வேண்டும். போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம். குப்பை போடப் போனாலும் சொல்ல வேண்டும்!" ஆதிரை தலையில் கிடந்த சட்டையை எறிந்தாள். "ஸோயா, உன் வரி கடைசி இல்லை. அதற்குப் பிறகு ஹத்ரான் இருக்கிறது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து புத்தகத்துக்குப் போட்டு வாறன் சொல்லப் போகிறோம்!"

ஸோயா கண்ணைத் துடைத்தாள். "சொல்லிவிட்டு வராமல் விட்டால்? நான் சொன்னேனே, நாளைக்கு என்று."

"நீ நாளைக்கு என்று சொன்னாய். போட்டு வாறனில் நாளைக்கு என்று இல்லை. எப்போது என்றே இல்லை. வருவேன் என்று மட்டும்தான் இருக்கிறது. எப்போது வந்தாலும் சரிதான்."

ஸோயா யோசித்தாள்.

"இன்னொன்று," என்றாள் ஆதிரை, ரயில்காரரின் மகள் அல்லவா, "கொலோனுக்குப் போகிற ரயில் எல்லாம் திரும்பி வருகிறது. வராவிட்டால் இவ்வளவு நேரத்துக்கு அங்கே ரயில்களாய்க் குவிந்து கிடக்கும். ஆட்கள் நிற்கவும் இடம் இருக்காது."

ஸோயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, இப்படிச் செய்வோம். நீ பதினேழாவது வரியை வாசி. எல்லாரும் ஹத்ரான் சொல்லட்டும். அடுத்த மூச்சில் நான் முதலாவது வரியைத் திரும்பவும் வாசிக்கிறேன். முடிவதற்கு நடுவில் இடமே கொடுக்கக்கூடாது!"

இரண்டு பேரும் ஓடிப் போய் ரோஸன்தாலிடம் கேட்டார்கள். அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"ஐயோ! எங்கள் வழக்கமே அதுதானே. முடித்த கையோடு திரும்பத் தொடங்க வேண்டும். அதைத்தான் அன்றைக்குச் சொல்ல வந்தேன், உங்கள் ஐஸ்கிரீம் சண்டையில் மறந்தே போனேன்!"

மண்டபம் அமைதியானது. முதலாவது வரி, இரண்டாவது வரி, மூன்றாவது வரி. நோவா தன் வரியில் ஒரு சொல்லை விழுங்கி, பிறகு திரும்பப் போய் எடுத்துக்கொண்டான். பதினாறு முடிந்தது. எல்லாரும் ஸோயாவைப் பார்த்தார்கள்.

ஸோயா மடித்த தாளை விரித்தாள். வரிசையின் மறுமுனையில் இருந்த ஆதிரையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தன் வரியின் ஒன்பது சொற்களையும், ஒன்றுகூடத் தடுமாறாமல் வாசித்தாள்.

"ஹத்ரான்!" என்று பதினேழு குரல்களும் எழுந்தன.

கைதட்டுவதற்குப் பெரியவர்கள் கையைத் தூக்கினார்கள். தட்டவில்லை. ஏனென்றால் அதற்குள் ஆதிரை, நான்கு மாடிக்கும் கேட்கும் அந்தக் குரலில், முதலாவது வரியைத் தொடங்கியிருந்தாள். அவள் முடித்த பிறகு விழுந்த கைதட்டலில் மேசையிலிருந்து ஒரு மாம்பழம் உருண்டது. நோவா பாய்ந்து பிடித்தான். அதைத் திருப்பி வைக்கவில்லை.

ஐஸ்கிரீம் இரண்டு வகையிலும் இருந்தது.

வாசலில் ஸோயாவின் குடும்பத்துக் கார் வந்து நின்றது. ஸோயா ஆதிரையை இறுக்கிக் கட்டிப்பிடித்தாள். ஏறப் போனவள் திரும்பினாள். மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.

"பொட்டு வாரன்!"

"பொட்டு இல்லை, அது நெற்றியில் வைக்கிறது!" ஆதிரைக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "போட்டு! போ...ட்டு!"

"போ...ட்டு வாறன்!"

பக்கத்தில் நின்ற அரியரத்தினம் திகைத்துப் போனார். யாரையும் திருத்த வேண்டிய வேலை அவருக்கு இருக்கவில்லை.

"ஓம் பிள்ளை," என்றார். "போட்டு வா."

இது ஆடி மாதத்துக் கதை. ஐப்பசி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே மழை. ஆதிரை வரவேற்பறையில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். அம்மா எதற்கோ தன்பாட்டில் சிரித்துக்கொண்டு, காலையிலிருந்து கைத்தொலைபேசியையே பார்த்தபடி இருந்தார்.

மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். பிறகு வாசலில் ஒரு குரல்:

"வந்திட்டன்!"

குளியலறைக்குள்ளிருந்து நுரையோடு அப்பாவின் தலை எட்டிப் பார்த்தது. "ஆதிரை! நீ எப்ப வெளியில போனனீ? சொல்லாமலோ போனனீ?"

"நான் இஞ்சதான் அப்பா இருக்கிறன்!"

சொல்லிவிட்டு ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு புத்தகம் ஒரு பக்கம் பறக்க, ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள்.

மஞ்சள் மழைச்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்ட, நான்கு மாடி ஏறிய மூச்சு வாங்க, ஸோயா நின்றுகொண்டிருந்தாள். அந்த ஒரு சொல்லைப் போன கிழமை முழுக்க ரஞ்சினியிடம் தொலைபேசியில் பழகியிருந்தாள். அதனால் இந்தத் தரம் ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.

"வந்திட்டன்," என்றாள் திரும்பவும்.