நாலாம் பெட்டி

அவன் வீட்டில் நாலு பேர் குடியிருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. இருப்பது அவன் ஒருவன்தான். அவனோடு கோபித்துக்கொள்ள ஒரு பல்லிகூட அங்கே கிடையாது.

விடுமுறை நாள், அந்தி மயங்கும் நேரம். மாமியார் வீட்டில் மாட்டிக்கொண்டதுபோல் ஏசி விடுகிற பெருமூச்சும், யாரோ கழுவாமல் போன காப்பிக் கோப்பையின் புளித்த வாடையும், ஆளில்லாத நாற்காலிகளின் நீள நீள நிழல்களும்தான் ஆபீஸில் அவனுக்குத் துணை. ஆட்களை அடையாளம் கண்டு திறக்கிற அடுக்குமாடிக் கதவுகளுக்குப் புரோகிராம் எழுதுவது அவன் பிழைப்பு. வீட்டுக்கொரு வரிசை, வரிசையில் ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்குள் பெயர், முகம், குரல். குரலை மட்டும் மாற்றினால் முகமும் பெயரும் சேர்ந்தே அழிந்துவிடுகின்றன. அதுதான் கோளாறு. விடிவதற்குள் சரியாகவேண்டும்.

அடுத்தவன் வீட்டில் கை வைப்பானேன் என்று தன் வீட்டையே சோதனைக்கு எடுத்தான். தனக்குரிய ஒன்றாம் பெட்டியில் பதியவேண்டிய தன் குரலை, கை தவறி, நாலாம் பெட்டியில் பதிந்துவிட்டான். நடுவே இடைவெளி ஆகாதென்று கம்ப்யூட்டரே இரண்டு வெற்றாட்களை நிரப்பியிருந்தது.

"குடும்பஸ்தன் ஆயிட்டேன்டா!" என்று சிரித்தான். சிரிப்பு காலி ஹாலைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது.

போன். அக்கா.

"டேய், சொல்லாம கொள்ளாம கல்யாணம் பண்ணிக்கிட்டியா?"

"என்னக்கா உளர்றே?"

"வீட்டு போன்ல இப்பதானே பேசினே? 'எல்லாரும் சௌக்கியம்'னே. பின்னாடி யாரோ நாற்காலி இழுத்தாங்க."

"நான் ஆபீஸ்ல இருக்கேன்க்கா."

"அப்ப வீட்ல யாருடா?"

வீட்டுக் கேமராவைத் திறந்தான். சாப்பாட்டு மேஜை. மூன்று பேர். கரண்டி முதுகுபோல வழவழவென்று மூன்று முகங்கள். ஒரு நாற்காலி மட்டும் காலி. அவனுடையது.

கட்டளை ஒன்றைத் தட்டினான். வீட்டுக்குள் பேசுகிறவனை மட்டும் வை. மற்ற எல்லோரையும் அழி. அங்கே பேச அவனை விட்டால் யார்?

தட்டிய பிறகுதான் உறைத்தது. அவன் வீட்டில் இல்லை; அங்கே பேசியது நாலாம் பெட்டி.

திரை: குடியிருப்பவர், ஒருவர்.

மேஜையில் ஒருவன். நிமிர்ந்தான். அவன் மூக்கு. அவன் மச்சம்.

"ஒண்ணுமில்லக்கா," என்றது போன், அவன் குரலில். "எல்லாம் சரியாயிடுச்சு."

"அப்பாடா! பயமுறுத்திட்டியேடா. சாப்ட்டுட்டுத் தூங்கு."

அக்கா என்று கத்தினான். சத்தம் வரவில்லை.

ஜன்னல் இருட்டியிருந்தது. கண்ணாடியில் நாற்காலி தெரிந்தது. சட்டை தெரிந்தது.

காலருக்கு மேலே, வழவழவென்று.