வெள்ளிக்கிழமை போட்ட விலை

அன்றைக்கு வெயிலா மேகமூட்டமா என்று கேட்டால் எனக்கு உறுதியில்லை. முகங்கள்கூட நினைவில் மங்கிவிட்டன. நேரங்கள் மட்டும் சரியானவை. அவை என் குறிப்பேட்டில் இருக்கின்றன. அப்போது நான் ஸ்டேஷனில் ரைட்டர்.

திங்கள், காலை 7.40. ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் தன் சமையலறையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி. ஞாயிறு மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் நடந்திருக்கும் என்றார் டாக்டர்.

முதலில் பார்த்தவர் கூடவே வசித்த தம்பி. கல்யாணமாகாதவர், கிடங்குக் காவலாளி. ஞாயிறு மதியம் வேலைக்குப் போனவர் காலையில்தான் திரும்பினாராம். கிடங்கில் வேறு யாருமில்லை. அங்கிருந்து வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிடம். உள்ளங்கையில் துணிக்கட்டு.

"கையில என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தகரம் கிழிச்சிடுச்சுங்க. பின்னாடி இருந்த கொட்டகை சனிக்கிழமை மதியம் காத்துல சாஞ்சிடுச்சு. பிரிச்சு பழைய இரும்புக்காரர் வண்டியில ஏத்திவிட்டேன்."

"கை கிழிஞ்சதை யார் பாத்தாங்க?"

"அண்ணன்தான்."



தன் கண் சிகிச்சைக்காக வீட்டை விற்க நினைத்திருந்தார் மாஸ்டர். விற்றால் தம்பிக்குப் போக்கிடம் இல்லை. பக்கத்து வீட்டுத் தையற்காரி சொன்னாள்: "வெள்ளிக்கிழமை ஒரே சத்தம் சார். 'என்னைக் கொன்னுட்டு வித்துக்கோ'ன்னான் தம்பி."

"கொன்னுடுவேன்னு சொல்லலையே?"

"கத்துற கத்துல ரெண்டும் ஒண்ணுதானே சார்!"

சப்-இன்ஸ்பெக்டர் தம்பிக்கு மாட்ட விலங்கைக் கையில் எடுத்துவிட்டார். "மத்தியானம் வரைக்கும் பொறு" என்றார் இன்ஸ்பெக்டர்.

வெள்ளிக்கிழமை மாஸ்டர் மூன்று தரகர்களை ஒருவர் பின் ஒருவராக வரவழைத்து வீட்டைக் காட்டியிருந்தார். விலையையும் அதற்கான காரணத்தையும் எழுதித் தர வேண்டும்; நியாயமாக எழுதியவரிடம் விற்கும் பொறுப்பு. இரண்டு கடிதங்கள் பீரோவில் இருந்தன. மூன்றாவது சமையலறை மேசைமேல். மூன்றிலும் வெள்ளிக்கிழமைத் தேதி.

காலை 11.15, ஸ்டேஷன். முதலில் கண்ணாடி போட்ட பெண் தரகர்.

"நாப்பத்தஞ்சு லட்சம் எழுதினேன். ஆசை காட்டி அதிகமா போட்டா ஆறு மாசம் ஆள் வராது. அப்புறம் அவரே குறைப்பார்."

அடுத்தவர் மூச்சிரைக்கும் பெரியவர். நாற்பத்து நான்கு எழுதியிருந்தார். மூன்றாமவரை ஊரே 'சிரிப்பு' என்றுதான் கூப்பிடும். உட்காரும்போதே சிரித்தார்.

"அம்பது போட்டேன் சார். எனக்கு வேலை குடுக்கப்போற மனுஷனை நான் எதுக்கு சார் அடிக்கணும்?"

"திரும்பப் போனீங்களா?"

"வெள்ளிக்கிழமையோட சரி. அதுக்கப்புறம் அந்தத் தெருப் பக்கமே போகல."

இன்ஸ்பெக்டர் அவருடைய கடிதத்தைக் கையில் எடுத்தார்.

"அம்பதுக்கு என்ன காரணம்?"

"எழுதியிருக்கேனே சார். பின்னாடி நல்ல காலி இடம், கார் நிறுத்தலாம்."

இன்ஸ்பெக்டர் மூன்று கடிதங்களையும் அருகருகே வைத்தார்.

"மூணு பேரும் ஒரே நாள் பாத்திருக்கீங்க. அந்தம்மா 'பின்னால் தகரக் கொட்டகை'ன்னு எழுதியிருக்காங்க. பெரியவர் அதைப் பிரிக்கிற கூலியவே விலையில கழிச்சிருக்கார். உங்க கண்ணுக்கு மட்டும் காலி இடம்."

"கொட்டகையை... மறந்திருப்பேன் சார்."

"மறக்கலாம். ஆனா இல்லாத இடத்துக்கு எப்படி விலை போட்டீங்க? சனிக்கிழமை மதியம் வரைக்கும் அங்க காலி இடமே கிடையாதே."

சிரிப்பு உதட்டில் அப்படியே இருந்தது. கண்கள் செத்துவிட்டன.

பிறகு சொன்னார். வெள்ளிக்கிழமை அவர் எழுதிக் கொடுத்தது முப்பத்தொன்று. சுவரில் ஓதம், கூரை பழசு என்று நான்கே வரி. தன் மைத்துனர் பெயரில் தானே வாங்கிக்கொள்ளத் திட்டம். மற்ற இரண்டு கடிதங்களையும் பார்த்த மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. ஞாயிறு மாலை கூப்பிட்டு, தரகர் சங்கத்துக்கு எழுதி உரிமத்தைப் பிடுங்கவைப்பேன் என்றார். கைக்கு எட்டியது இஸ்திரிப் பெட்டி.

அதன் பிறகு, அந்தக் குறைந்த விலை தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று பழைய கடிதத்தை எடுத்துக்கொண்டு, அதே மேசையில் உட்கார்ந்து, நல்ல விலையாகப் போட்டு, பழைய தேதியில் புதிதாக ஒன்று எழுதினார். மாதம் முப்பது வீடு பார்க்கிறவர் எந்த வீட்டையும் மனதில் வைத்திருப்பதில்லை. காரணம் தேடி ஜன்னல் வழியே பார்த்தார். தெரிந்ததை எழுதினார். காலடியில் பிணம் கிடக்கும்போதும் தொழில் பழகிய கை நிற்கவில்லை.

மாலை 4.05. கிழித்த பழைய கடிதம் அவருடைய ஸ்கூட்டர் பெட்டியில் கிடைத்தது.

தரகருக்கு ஆயுள் தண்டனை. ஆறாம் வருடம் சிறை ஆஸ்பத்திரியில் இறந்தார். மைத்துனர் அவருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். வீடு தம்பிக்கு வந்தது. மூன்று மாதம்கூட அவரால் அங்கே இருக்க முடியவில்லை. கண்ணாடிக்காரம்மா விற்றுக் கொடுத்தார். கொலை நடந்த வீடு என்பதால் இருபத்தொன்பதுக்குத்தான் போனது. தம்பி கிடங்கிலேயே ஒரு அறையில் தங்கிவிட்டார். இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்றார். கடைசிவரை வாடகை வீட்டில்தான் இருந்தார்.