வலைக்கதவைப் பிடித்தபடி

வதனியின் சப்பாத்துகள் அன்றும் திரும்பியிருந்தன.

வெளியே போய் வந்ததும் சப்பாத்தைக் கழற்றி, முன்பக்கம் சுவரில் முட்டும்படி நெருக்கி வைப்பது யோகராணியின் பழக்கம். நோபல் பார்க்கில் அந்த வாடகை வீட்டின் ஒடுங்கிய நடையில், கணவன் சிறிதரனின் தொழிற்சாலைச் சப்பாத்துக்கும் தன் செருப்புக்கும் நடுவே, மகளின் சின்னச் சிவப்புச் சப்பாத்துகளை அவளே குனிந்து வைத்திருந்தாள். குசினியில் பருப்பை இறக்கிவிட்டு வந்து பார்த்தால், மற்ற இரண்டு சோடியும் வைத்தபடியே கிடக்க, அந்தச் சிவப்புச் சோடி மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது. நாடா அவிழ்ந்து, வாய் அகன்று, கால் வந்து நுழைந்தால் போதும் என்கிற ஆயத்தத்தில் இருந்தது.

"வதனி, சப்பாத்தைத் தொட்டனியோ?"

"இல்லை அம்மா."

நாலு வயதுப் பிள்ளை முன்னறையில் குளிர்காயும் காஸ் அடுப்பின் முன்னால் கம்பளத்தில் படுத்துப் படம் கீறிக்கொண்டிருந்தாள். அவள் பொய் சொல்லப் பழகவில்லை. யோகராணி சப்பாத்தைத் திருப்பி வைத்தாள். வைக்கும்போது உள்ளங்கையில் பட்ட சப்பாத்தின் உட்புறம் இளஞ்சூடாக இருந்தது. அடுப்பின் சூடு நடைவரை வராது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இது தொடங்கியது செல்வராணி அன்ரியின் செத்தவீட்டுக்குப் பிறகுதான்.

எழுபத்தைந்தாம் ஆண்டில் அந்தப் பக்கத்தில் இருந்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு வீட்டில் கறிவேப்பிலை கிடைத்தால் மற்ற வீடுகளுக்கும் நாலு இலை போகும். அடுத்த தெருவில் இருந்த செல்வராணி அன்ரியும் இரத்தினசிங்கம் அங்கிளும் பிள்ளை இல்லாதவர்கள். பின்னேரமானால் அன்ரி வந்துவிடுவார். "குழந்தையும் தெய்வமும் கொண்டாடின இடத்திலை" என்று சொல்லிக்கொண்டே வதனியைத் தூக்கி மடியில் வைப்பார். அவர் பூசும் ஓடிகொலோன் வாசம் வீடெல்லாம் பரவும். வதனியின் சப்பாத்து நாடாவை அவர்தான் கட்டிவிடுவார். இரட்டைப் பூ முடிச்சுப் போட்டு, நுனிகளைச் சப்பாத்தின் பக்கவாட்டில் செருகிவிடுவார். வேறு யாருக்கும் அந்த முடிச்சு வராது.

வருவது சுகம், போவதுதான் பெரும்பாடு. "போட்டு வாறன்" என்று சொல்லி எழும்பிய பிறகு, முன்வாசலில் மரக்கதவுக்கு வெளியே இருந்த வலைக்கதவைத் திறந்து, ஒரு கையால் அதைப் பிடித்தபடி அரைமணி நேரம் கதைப்பார். கதவைத் தானாகச் சாத்தவைக்கும் சுருள்கம்பி இழுபட்டு நின்று மெல்ல முனகும். கோடையில் ஈயும் குளிர்காலத்தில் குளிரும் உள்ளே வரும். சிறிதரன் சாப்பாட்டு மேசையிலிருந்து, அனுப்பிவிடு என்று கண்ணைக் காட்டுவான். பிறகு வதனி அன்ரியின் மோதிர விரலைப் பிடித்துக்கொண்டு கேற் வரை போய், "போட்டு வாறன் அன்ரி" என்று தானும் சொல்லித் திரும்பி ஓடி வருவாள். போவது அன்ரிதான் என்றாலும், சொல்லிப் பழகிய வாய் சும்மா இருக்காது.

அதைப் பழக்கியது யோகராணிதான். போறன் என்று சொல்வது ஆகாது, போனவர் திரும்பி வரவேணும், ஆகவே போட்டு வாறன் என்றுதான் சொல்லவேணும், சொன்னால் வரவேணும் என்று பேச்சு வந்த நாளிலிருந்தே மகளுக்கு ஊட்டியிருந்தாள். செத்தவீட்டில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் பாராமல் எழும்பிப் போய்விடவேணும் என்பதை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு யார்தான் அதைச் சொல்லிவைப்பார்கள்?

அன்ரி மாரடைப்பில் போனார். உடலை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. செத்தவர்களைக் கிடத்திவைக்கும் பார்லர் ஒன்றில், கம்பளம் விரித்த ஒரு அறையில், மெழுகு வாசமும் லில்லிப் பூ வாசமும் அடைத்துக் கிடக்க, எங்கிருந்தோ மெல்லிய ஓர்கன் சத்தம் வர, கூறைச் சேலையில் அன்ரியைப் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். ஒருவரும் ஒப்பாரி வைக்கவில்லை. வந்தவர்கள் கதிரைகளில் குந்திக்கொண்டு கைகளைப் பார்த்தார்கள். வதனியை விட்டுவிட்டு வர ஆளில்லாததால் யோகராணி அவளையும் கூட்டிப் போயிருந்தாள்.

எழும்பும் நேரம் வந்தது. கையைப் பிடித்திருந்த பிள்ளை உதறிக்கொண்டு ஓடிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

"அன்ரி, போட்டு வாறன்."

கதிரைகளில் இருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. யோகராணி பாய்ந்து பிள்ளையைத் தூக்குவதற்குள் இன்னொன்றும் நடந்துவிட்டது. பெட்டியருகே இரண்டு நாளாய் நித்திரையில்லாமல் இருந்த இரத்தினசிங்கம் அங்கிள், முகத்தை நிமிர்த்தாமலே, பழக்கதோஷத்தில் பதில் சொன்னார்.

"ஓம் குஞ்சு, போட்டு வா."

அன்று இரவு யோகராணி இதைச் சொல்லிப் பயந்தபோது சிறிதரன் சிரித்தான். "அதென்ன செத்தவீடே? பார்லர்தானே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நாங்கள் வந்த தூரத்துக்கு எந்தப் பேய்க்கப்பா விசா குடுப்பாங்கள்?"

அன்ரிக்கு விசா எதற்கு, இங்கேதானே கண்ணை மூடினவ என்று அவள் நினைத்தாள். ஊரில் என்றால் ஒரு கோயில், ஒரு பூசாரி, தண்ணீர் ஓதித் தர ஒரு ஆள் இருந்திருக்கும். இங்கே யாரிடம் போவது? கிளென் வேவர்லியில் இருந்த சிநேகிதி கமலினியிடம் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தாள். "பிள்ளைக்கு நெற்றியிலை திருநீறு பூசிவிடும், வேறை என்ன செய்யிறது" என்று அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

யோகராணி திருநீறு பூசினாள். சப்பாத்துகள் திரும்பின. மறுபடி பூசினாள். மறுபடி திரும்பின.

பிறகு சத்தம் வந்தது. பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஜூன் மாதம், இந்த நாட்டின் குளிர்காலம். தெருவில் கார்கள் ஓய்ந்து, தூரத்தில் டண்டினோங் ரயில் போகும் இரைச்சலும் அடங்கிய பிறகு, முன்வாசலில் சுருள்கம்பி இழுபடும். காற்றுக்கு ஆடும் கதவு இழுபட்டதும் திரும்பி அடிக்கும். இது அடிக்கவில்லை. இழுபட்டு, அப்படியே நின்று, மெல்ல முனகிக்கொண்டிருந்தது. மரக்கதவின் அடியால் குளிர் வந்தது. குளிரோடு ஓடிகொலோன் வாசமும் வந்தது.

வதனி படம் கீறுவதை நிறுத்திவிட்டு நடையைப் பார்த்தாள்.

"அன்ரி நிக்கிறா."

"ஒருத்தரும் இல்லை. நீ கீறு."

"கதவைப் பிடிச்சுப் பிடிச்சுக் கை நோகுதாம் அம்மா."

யோகராணிக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். பிள்ளை போய்விடும். அன்ரி கெட்டவர் இல்லை, கோபத்தோடும் வரவில்லை, ஆசையோடுதான் வந்து நிற்கிறார். அதுதான் அவளை நடுங்க வைத்தது. கோபத்தை மன்னிப்புக் கேட்டுத் தணிக்கலாம். ஆசையை எதைச் சொல்லித் திருப்பி அனுப்புவது?

அன்றிரவே சப்பாத்துகளை ஒரு துணியில் சுற்றி, படுக்கையறை அலுமாரியின் மேல், பயணப் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினாள். கதிரையில் ஏறினால்கூட வதனிக்கு எட்டாது.

அடுத்த நாள் சிறிதரனுக்குப் பின்னேர வேலை. போகவேண்டாம் என்று கேட்டாள். "லீவு கேட்டால் என்னத்தைச் சொல்லிக் கேக்கிறது?" என்றான் அவன். அவன் போனதும் மரக்கதவைப் பூட்டித் தாழ்ப்பாளையும் போட்டாள். எல்லா விளக்கையும் எரியவிட்டாள். டிவியைச் சத்தமாக வைத்தாள். பிள்ளையைக் குசினியில் தன் காலடியில் இருத்திக்கொண்டு வெங்காயம் உரித்தாள்.

ஜன்னல் சாம்பல் நிறமாகி, நீலமாகி, கறுத்தது.

கண் எரிந்தது. தண்ணீர்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

காலடியில் பிள்ளை இல்லை.

"வதனி?"

டிவியில் யாரோ சிரித்தார்கள். அதற்கு மேலாக அந்தச் சத்தம் கேட்டது. சுருள்கம்பி. இழுபட்டு நின்ற சுருள்கம்பி.

படுக்கையறைக்கு ஓடினாள். அலுமாரியின் மேல் பெட்டிகள் அசையாமல் இருந்தன. சுற்றிய துணி கட்டிலில் கிடந்தது. நாலாய் மடித்திருந்தது.

நடைக்கு வந்தாள்.

மரக்கதவு திறந்திருந்தது. வலைக்கதவும் திறந்திருந்தது. அது ஆடவில்லை.

வதனி வாசற்படியில் நின்றாள். கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். சிவப்புச் சப்பாத்து. நாடாவில் இரட்டைப் பூ முடிச்சு. நுனிகள் பக்கவாட்டில் செருகியிருந்தன. வலது கை தலைக்கு மேலே உயர்ந்து, விரல்கள் எதையோ சுற்றி மூடியிருந்தன.

யோகராணி ஓட நினைத்தாள். கால் எழும்பவில்லை. குளிர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. ஓடிகொலோன் வாசம் நடை முழுவதும் நிறைந்திருந்தது.

"அன்ரி, அவள் சின்னப்பிள்ளை. தெரியாமல் சொல்லிப்போட்டாள். விடுங்கோ அன்ரி. கும்பிட்டுக் கேக்கிறன்."

சுருள்கம்பி முனகியது.

"நான் வாறன். அவளை விடுங்கோ. நான் வாறன்."

பிள்ளையின் விரல்கள் விரியவில்லை. அன்ரி கேட்டது யோகராணியை இல்லை.

"சொன்னனான்தானே அம்மா," என்றாள் வதனி. அவளுக்குப் பயமே இல்லை. "சொன்னால் வரவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

பிள்ளை ஒரு படி இறங்கினாள்.

யோகராணியிடம் மிச்சம் இருந்தது ஒன்றுதான். அந்த வார்த்தை பிள்ளையை அங்கே இழுக்கும் என்றால், இங்கேயும் இழுக்கவேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"குஞ்சு. சொல்லிப்போட்டுப் போ. அம்மாவுக்குப் போட்டு வாறன் சொல்லு. வாறன் எண்டு சொல்லு, குஞ்சு."

வதனி வாயைத் திறந்தாள். பிறகு நிறுத்தினாள். தலையை அண்ணாந்து, தன் கைக்கு மேலே இருந்த இருட்டைப் பார்த்தாள். சொல்லலாமா என்று பெரியவரிடம் கேட்கும் முகம். கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டாள். தலையாட்டினாள்.

"அம்மா, போறன்."

வலைக்கதவு அடிக்கவில்லை. யாரோ கை வைத்து மெல்லச் சாத்துவதுபோல் சாத்திக்கொண்டது. வலைக்கு அப்பால், தெருவிளக்கின் வெளிச்சத்தில், சிவப்புச் சப்பாத்துகள் கேற்றைத் தாண்டிப் போயின. உயர்த்திய அந்தச் சின்னக் கை, நடுவே ஒரு விரலின் தடிப்பளவு இடைவெளியோடு, விடாமல் மூடியிருந்தது.